சான்றொப்பம் இல்லாத உறை

2011 சட்டமன்றத் தேர்தலின்போது நீலகிரி மாவட்டம் பந்தலூர் வட்டத்துப் பள்ளியொன்றில் வாக்குச்சாவடித் தலைமை அலுவலராகப் பணியாற்றினேன். கோத்தகிரியில் வசிக்கும் எனக்கு வாக்கு குன்னூர் தொகுதியில். பணியோ கூடலூர் தொகுதியில். சொந்தத் தொகுதிக்குள்ளேயே பணி அமைந்தால், தேர்தல் பணிச் சான்றிதழைக் காட்டி, வேலை பார்க்கும் சாவடியிலேயே வாக்களித்துவிடலாம். தொகுதி மாறிவிட்டால் தபால் வாக்குதான். அதனுடன் வரும் 13ஏ உறுதிமொழிப் படிவத்தில் நாம் கையொப்பமிடுவதோடு, அரசிதழ்ப் பதிவு பெற்ற அலுவலரிடமோ, நாம் பணிபுரியும் சாவடியின் தலைமை அலுவலரிடமோ சான்றொப்பமும் பெற்றாக வேண்டும். அது இல்லையென்றால், வாக்குச் சீட்டு இருக்கும் உள்ளுறையைப் பிரிக்காமலே தள்ளுபடி செய்துவிடுவார்கள்.

என்னுடன் வந்த அலுவலர்கள் இருவரின் படிவங்களுக்கும், தலைமை அலுவலர் என்ற மிடுக்குடன், நானே சான்றொப்பமிட்டுக் கொடுத்தேன். ஊர் திரும்பி, என் உறையையும் ஒட்டி அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து எங்கள் பள்ளி ஆசிரியர் அறையில் அவர்களில் ஒருவர், "சார், எங்களுக்கெல்லாம் நீங்கள் போட்டீர்கள், உங்களுக்கு யார் போட்டார்கள்?" என்று சாதாரணமாகக் கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. ஒரு நாள் முழுவதும் ஊராருக்கு வரிசை ஒழுங்கு செய்து கொடுத்தவனின் வாக்கு செல்லாமல் போனது.

அதன்பின் ஒவ்வொரு தேர்தலின்போதும் பள்ளியில் யாருடைய வாக்கும் வீணாகாமல் பார்த்துக்கொள்வதை ஒரு வேலையாகவே எடுத்துக்கொண்டேன். யாருக்கு வாக்களிப்பது என்ற பேச்சை மட்டும் எடுக்கவில்லை. அரசு ஊழியர் நடத்தை விதிகள் அதைத் தடுக்கின்றன, விதி இல்லாவிட்டாலும் அது என் வேலையன்று. ஆசிரியர்களைவிட, சத்துணவுக் கூடத்தில் இருப்பவர்களைப் பற்றியே எனக்கு அதிகக் கவலை இருந்தது. வாக்குச்சாவடி அலுவலர்களுக்கு வாக்குப்பதிவு நாளில் சமைத்துக் கொடுப்பவர்கள் பெரும்பாலும் அவர்கள்தாம். எங்கள் பள்ளிச் சமையலர் அம்மாவின் வாக்கோ இரண்டு பேருந்து மாறிச் செல்ல வேண்டிய ஹட்டியில் (படுகர் சிற்றூரில்) இருந்தது. "சோறு வடித்துவிட்டுப் போகிறேன் சார்" என்பார். மதியம் ஆகிவிடும், பிறகு மலைப் பாதைப் பேருந்தை நம்ப முடியாது. காலைச் சிற்றுண்டியை முந்தின இரவே ஏற்பாடு செய்துவிட்டு முதல் பேருந்தில் அவரை அனுப்பியது, பெரிதாகத் தெரியாவிட்டாலும், எனக்குப் பிடித்த ஏற்பாடு.

இப்போது உறைச் சிக்கல் பெரிதும் குறைந்துவிட்டது. 2023இல் விதிகள் திருத்தப்பட்டு, தேர்தல் பணியாளர்கள் தங்களுக்கென அமைக்கப்படும் வசதி மையத்திலேயே வாக்களிக்கும் முறை வந்துவிட்டது. ஓய்வு பெற்றவர்களின் சிக்கல் வேறு வகை. குளிர் தாங்காமல் மேட்டுப்பாளையம், கோவைப் பக்கம் குடிபோனவர்களின் பெயர் இன்னும் மலையிலேயே இருக்கும். முகவரி மாற்றத்துக்குப் படிவம் 8 ஒன்றே போதும் என்று ஓய்வூதியர் கூட்டத்தில் சொன்னால், "அடுத்த தேர்தலுக்குப் பார்ப்போம்" என்பார்கள். ஓய்வூதியத்துக்காக வருடந்தோறும் கருவூல நேர்காணலை மறக்காதவர்கள் இவர்கள்!

2024 மக்களவைத் தேர்தலில் 85 வயதைக் கடந்தவர்களுக்கு, 12டி படிவம் கொடுத்தால், வீட்டிலிருந்தே வாக்களிக்கும் வசதி கிடைத்தது. எங்கள் தெருவில் இருந்த ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவருக்கு அந்தப் படிவத்தை வாங்கிக்கொண்டு போனேன். "இதில் கையெழுத்துப் போட்டால் பூத்துக்குப் போகக்கூடாதாமே?" என்றார். ஆமாம் என்றேன். படிவத்தை மடித்து என் கையிலேயே திருப்பித் தந்துவிட்டார். சாவடி அவர் பாடம் நடத்திய பள்ளிக்கூடம். ஏறிச் செல்லும் பாதை செங்குத்தானது. எனக்குச் சற்று எரிச்சல்தான்.

ஏப்ரல் 19 காலையில் அவர் பேரன் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் பிடித்துக்கொள்ள, மூன்று இடங்களில் நின்று மூச்சு வாங்கி ஏறினார். உள்ளே போனவர் வெளிவர நேரமானது. பொத்தானை அழுத்தியதும் கண்ணாடிக்குள் சீட்டு தெரியுமே, அந்த ஏழு நொடிகளும் நின்று, அது பெட்டிக்குள் விழுந்த பிறகே நகர்ந்தாராம். "பின்னால் நிற்பவர்கள் அவசரப்பட்டார்கள்" என்றார், இறங்கும்போது.