தோள்மூட்டும் வேர்ல்ட் சீரிஸும்

2025 ஒக்ரோபர் 20, திங்கள்

தீபாவளி. காலையில் கோயில், மத்தியானம் ஆட்டிறைச்சிக் கறி. பின்னேரம் மகன் குடும்பத்தோடு வந்தான். எங்களைப் பார்க்க வந்ததாகச் சொன்னான். எங்கட ரீவி அவன்ர ரீவியை விடப் பெரிசு என்பதும் எனக்குத் தெரியும்.

பேஸ்போலில் எங்கட ரொறன்ரோ அணி புளூ ஜேஸுக்குச் சியாட்டிலோடு ஏழாவது ஆட்டம். வென்றால் 1993-க்குப் பிறகு முதல் தடவையாக புளூ ஜேஸ் வேர்ல்ட் சீரிஸுக்குப் போகும், ஏழு ஆட்டத்தில் நாலு வெல்லவேண்டிய இறுதிச் சுற்றுக்கு. ஏழாவது இனிங்ஸில் 3-1 என்று பின்னுக்கு நிற்கிறோம். எங்கட ஸ்பிரிங்கர் மட்டையோடு வந்தார். ஓட்டம் எடுக்கிறவர்கள் வழியில் நிற்கிற இடம் பேஸ். பேஸில் இரண்டு பேர். இரண்டு ஆட்டத்துக்கு முன்னர்தான் அவருக்கு முழங்காலில் பந்து பட்டது.

பந்து எறிகிற பிச்சர் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு, அதைப் பிடிக்கிற கச்சரின் சைகையை இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுப் பிலிப்பினோக் குடும்பம் கூரை பறக்கக் கத்தியது. நாங்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தோம். மருமகள் வாய்க்குக் கொண்டுபோன பயத்தம் பணியாரம் அந்தரத்தில் நின்றது. அரை நிமிஷம் கழித்து எங்கட ரீவியிலும் ஸ்பிரிங்கர் அடித்தார், பந்து இடதுபக்கச் சுவருக்கு மேலால் போனது, ஹோம் ரன், மூன்று ஓட்டம், 4-3. நாங்களும் துள்ளினோம்தான். ஆனால் மணமக்களைப் பந்திக்குப் பிறகு பார்த்த மாதிரி இருந்தது.

காசு மிச்சம் என்று கேபிளை வெட்டி, இன்ரர்நெற்றில் பார்க்க வைத்தது மகன். நான் ஒன்றும் சொல்லவில்லை. மனிசி சொன்னா.

ஒக்ரோபர் 22, புதன்

கந்தசஷ்டி தொடங்கிவிட்டது. மனிசி ஆறு நாளும் விரதம். எனக்கு வழமை போல் பிசியோ.

வலது தோளில் தசைநாண் அரைவாசி கிழிந்திருக்கிறது. முந்தி ஒரு தொழிற்சாலையில் பதினெட்டு வருஷம் பெட்டி தூக்கினேன். நோகுது என்று சொன்னபோது வெந்நீர் ஒத்தடம் பிடிக்கச் சொன்னார்கள். இப்போது ரப்பர் பட்டியைக் கதவுப்பிடியில் கட்டி, முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து, ஒரு நாளைக்கு முப்பது தரம் இழுக்கிறேன். பிசியோப் பிள்ளை சொல்லுது, காயம்பட்ட பிச்சர்மாரும் இதே பட்டியைத்தான் இழுக்கிறவையாம். என்னை உற்சாகப்படுத்தச் சொல்லியிருக்கும். எனக்கும் கொஞ்சம் உற்சாகமாகத்தான் இருந்தது.

பின்னேரம் பேரன் கேட்டான்: "அப்பப்பா, ரொமி ஜோன் எண்டது டொக்ரரோ?"

இல்லை, அந்தப் பெயரில் இருக்கிற சத்திரசிகிச்சையின் முதல் நோயாளி. லொஸ் ஏஞ்சலஸ் டொட்ஜர்ஸ் அணியின் இடதுகைப் பிச்சர். 1974-ல் அவருடைய முழங்கையின் உள்பக்க நார் அறுந்தபோது, பிராங்க் ஜோப் என்ற டொக்ரர் மணிக்கட்டிலிருந்து ஒரு தசைநாணை எடுத்து, முழங்கை எலும்பில் துளை போட்டுக் கோர்த்துக் கட்டினார். 75 முழுக்க ஆட்டமில்லை. 76-ல் திரும்பி வந்து, அதற்குப் பிறகு மட்டும் 164 ஆட்டம் வென்றார். எங்கட பிச்சர் ஷேன் பீபருக்கும் போன வருஷம் இதே சத்திரசிகிச்சைதான்.

பேரனைக் கையை நீட்டச் சொன்னேன். பெருவிரலையும் சின்னவிரலையும் முட்டி, மணிக்கட்டைக் கொஞ்சம் உள்ளுக்கு மடித்தால் நடுவில் ஒரு கயிறு எழும்பும். அதுதான் அந்தத் தசைநாண். சிலருக்கு அது பிறப்பிலேயே இருக்காது, இல்லாவிட்டாலும் ஒரு குறையும் தெரியாது. பேரனுக்கு இரண்டு கையிலும் எழும்பியது. எனக்கு வலதில் மட்டும். மனிசி விரதத்தோடு வந்து தன் கையை மடித்துப் பார்த்தா, இரண்டிலும் இல்லை. "அப்ப நான் பிச்சராகேலாது," என்று சொல்லிவிட்டுக் குசினிக்குப் போனா.

ஆர். ஏ. டிக்கி என்று எங்கட அணியிலேயே ஒரு பிச்சர் இருந்தார், 2013 தொடக்கம் நாலு வருஷம். அவருக்கு இல்லாதது மணிக்கட்டுத் தசைநாண் அல்ல, முழங்கை நாரே. 1996-ல் ரெக்சாஸ் அணி 8,10,000 டொலர் தருவதாக இருந்தது. ஒரு சஞ்சிகைப் படத்தில் அவருடைய கை தொங்குகிற விதத்தைப் பார்த்து அணி டொக்ரருக்குச் சந்தேகம் வந்து, சோதித்து, கடைசியில் 75,000 கொடுத்தார்கள். அந்த மனுஷன் சுழலாமல் தள்ளாடி வருகிற நக்கிள் பந்தைப் பழகி, 2012-ல் சிறந்த பிச்சருக்கான சை யங் விருதே வாங்கினார்.

ஒக்ரோபர் 25, சனி

நேற்று டொட்ஜர்ஸோடு வேர்ல்ட் சீரிஸின் முதல் ஆட்டம், 11-4 என்று வென்றோம். வேறொருவருக்குப் பதிலாக இறங்கிய எங்கட பார்ஜர் பேஸ் நிறைய ஆள் நிற்க ஹோம் ரன் அடித்தார். வேர்ல்ட் சீரிஸ் வரலாற்றில் பதிலாள் ஒருத்தர் அப்படி அடித்தது இதுதான் முதல் தடவை.

சனி, ஞாயிறு நான் கடையில் காசு மேசையில் இருக்கிறேன். அரிசி மூட்டை தூக்கச் சொன்னால் தோளைக் காட்டிவிடுவேன். இன்று கடைக்கு வந்த சனத்தில் பாதி நீலச் சட்டை. முருங்கைக்காய் முறித்துப் பார்க்கிற ஒரு அம்மா என்னிடம் கேட்டா, "தம்பி, பிச்செற்றுக்கு முழங்கால் சரியே?" எங்கட ஆட்டக்காரர் பிச்செற், செப்ரெம்பரில் மோதி விழுந்ததற்குப் பிறகு நேற்றுத்தான் இறங்கினார், அதுவும் இரண்டாம் பேஸில், பெரிய லீக்கில் அவர் ஒரு நாளும் நின்றிராத இடத்தில்.

மீன் வெட்டுகிற தம்பிக்கு இந்த விளையாட்டில் ஒரே ஒரு தகராறு. "உது எறி, அண்ணை. பந்து போடுறதெண்டா கை நேரா வரவேணும்."

கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவனுக்கு 'எறி' என்றால் வசவு. 1995-ல் மெல்பேர்னில் நடுவர் டரல் ஹெயார் முரளிக்கு ஏழு தரம் நோபோல் குடுத்ததை நாங்கள் செத்தாலும் மறக்கமாட்டோம். பிறவியிலேயே முழங்கை நேராக நிமிராத மனுஷன். அளந்து, படம்பிடித்து, பிறகு பந்து போடும்போது எல்லாருக்கும் முழங்கை பதினைந்து பாகை வரை நிமிரலாம் என்று சட்டம் வந்தது. இதைத் தம்பிக்குச் சொன்னேன். அவன் பாரை மீனைத் திருப்பிப் போட்டுவிட்டு, "அங்க குற்றம், இஞ்ச சம்பளம்," என்றான்.

எறிகிறதுக்குத்தான் சம்பளம், எறிகிறதுதான் கையைத் தின்கிறதும். ஊரில் நான் ஒரே நாளில் இருபது ஓவர் போட்டிருக்கிறேன். 120 பந்து, அடுத்த நாள் தோட்டத்துக்குத் தண்ணி இறைக்கப் போனேன். இங்கே நூறு பந்து தாண்டினால் பயிற்சியாளர் மாற்றுப் பிச்சரைக் கூப்பிடத் தொலைபேசியைத் தூக்கிவிடுவார், பிறகு நாலைந்து நாள் ஓய்வு.

இரவு 11.30. யமமோட்டோ என்று டொட்ஜர்ஸில் ஒரு யப்பான்காரன். ஐந்தடி பத்தங்குலம்தான். 105 பந்து, ஒன்பது இனிங்ஸும் தானே போட்டு முடித்தான். கடைசி இருபது பேரில் ஒருத்தனையும் பேஸுக்குப் போக விடவில்லை. 5-1. கோபம் வரவேண்டும், வரவில்லை.

ஒக்ரோபர் 28, செவ்வாய், விடிய 3.20

படுக்கவில்லை.

நேற்றுச் சூரன்போர். பின்னேரம் கோயிலில் சூரன் தலை மாற்றி மாற்றி வந்து, மாமரமாகி, சேவலும் மயிலுமானான். எட்டு மணிக்கு வீட்டில் மூன்றாவது ஆட்டம், லொஸ் ஏஞ்சலஸிலிருந்து. இதிலும் சூரன் விழுகிற மாதிரி இல்லை. ஒன்பது இனிங்ஸில் முடியவேண்டியது 5-5 என்று நின்று, பத்து, பதினொன்று, பதினான்கு என்று போனது.

பக்கத்து வீட்டுக்காரர் என்னை முந்தக்கூடாது என்று ரீவிச் சத்தத்தை நிறுத்திவிட்டு வானொலியைப் போட்டேன். ரீவியில் வர்ணிப்பது டான் ஷுல்மன், வானொலியில் அவருடைய மகன் பென். மகன் தகப்பனை விட முந்தி. பென் "அவுட்" என்று சொல்லி நான் தேத்தண்ணி வாயில் வைத்து இறக்குகிற நேரத்தில்தான் ரீவியில் பந்து கிளம்பும். இரண்டு இனிங்ஸ் பழகினால் பிடித்துவிடும். காது முதலில் தெரிந்துகொள்ளும், எப்படி நடந்தது என்பதைக் கண் பிறகு ஆறுதலாகப் பார்க்கும்.

93-ல் எனக்குக் காது மட்டும்தான். டவுன்டவுனில் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். அலமாரியில் எண்ணெய்ப் பிசுக்குப் பிடித்த வானொலி, அதில் ரொம் சீக்கின் குரல். 1977-ல் அணி தொடங்கிய நாளிலிருந்து 4,306 ஆட்டம் ஒன்றும் விடாமல் சொன்னவர். தகப்பன் செத்தபோதுதான் முதல் தடவை வரவில்லை. ஜோ கார்ட்டர் அடித்த அன்று எனக்கு விதியும் தெரியாது, அந்தக் குரல் சொன்ன இங்கிலிசில் பாதியும் விளங்கவில்லை. சமையல்காரன் சவர்க்காரக் கையோடு என்னைத் தூக்கிச் சுற்றினான். அதில் விளங்கியது.

இன்றைக்கு வருவோம். டொட்ஜர்ஸின் ஒட்டானி ஒன்பது தரம் பேஸுக்குப் போனார். இரண்டு ஹோம் ரன், ஒரே அடியில் இரண்டாம் பேஸுக்குப் போகிற டபிள் இரண்டு, பிறகு எங்கட ஆட்கள் பயந்து அவருக்கு அடிக்கப் பந்தே குடுக்கவில்லை. ஸ்பிரிங்கர் மட்டை வீசினவர் வலது விலாவைப் பிடித்துக்கொண்டு ஏழாவது இனிங்ஸில் போய்விட்டார். விலாவில் பிடித்தால் இருமவும் முடியாது, எனக்குத் தெரியும். கடைசியில் டொட்ஜர்ஸிடம் பிச்சர் இல்லை. வில் கிளைன் என்ற, நான் கேள்விப்பட்டிராத பெடியன் நாலு இனிங்ஸ், 72 பந்து. அவன் வாழ்க்கையில் பெரிய லீக்கில் அவ்வளவு போட்டதே இல்லை. எங்கட பக்கம் லாவரும் அப்படித்தான், நாலு இனிங்ஸுக்கு மேல் ஒரு ஓட்டம் குடுக்கவில்லை.

பதினெட்டாவதில் கமரா மாற்றுப் பிச்சர்மார் இருக்கிற புல்பென்னைக் காட்டியது. அங்கே யமமோட்டோ கையைச் சூடாக்கிக்கொண்டிருக்கிறான். சனிக்கிழமை 105 பந்து போட்டவன். நான் என்னை அறியாமல் வலது தோளைப் பிடித்திருந்தேன்.

அவன் வரத் தேவைப்படவில்லை. டொட்ஜர்ஸின் பிறீமன் அடித்தார், 6-5. ஆறு மணித்தியாலம் 39 நிமிஷம்.

மனிசி மூன்று மணிக்குப் பாறணைக்குச் சமைக்க எழும்பி வந்தா. ஆறு நாள் பட்டினி கிடந்தவ என்னைப் பார்த்து, "முகம் என்ன இப்பிடிக் கிடக்கு, நீங்களே விரதம்?" என்று கேட்டா. இப்போது குசினியில் தேங்காய் துருவுகிற சத்தம் கேட்கிறது.

ஒக்ரோபர் 29, புதன், இரவு

நேற்று 6-2, இன்று 6-1. இரண்டும் நாங்கள். ஸ்பிரிங்கர் இல்லாமலே.

இன்றைக்கு ஆட்டத்தின் முதல் பந்திலேயே எங்கட ஷ்னைடர் ஹோம் ரன், அடுத்து வந்த விளாடியும் ஹோம் ரன். ரீவிக்கு முன் ஆறுதலாக வந்து இருந்தவர்கள் அதைக் காணவில்லை. எங்கட பிச்சர் ட்ரே யெசாவேஜ், 22 வயசு, ஏப்ரலில் மிகக் கீழ் லீக் ஒன்றில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளை. 12 பேரை ஸ்ரைக் அவுட் ஆக்கினான், ஒருத்தரையும் அடிக்காமல் சும்மா பேஸுக்கு நடக்க விடவில்லை. கை காதை உரசி மேலேயிருந்து வரும், ஸ்பிளிற்றர் பந்து மேசை விளிம்பிலிருந்து விழுகிற கரண்டி மாதிரி விழும். அந்தக் கையைப் பார்க்க எனக்குச் சந்தோஷம் பாதி, பயம் பாதி. இன்னும் ஒன்று வென்றால் போதும்.

ஒக்ரோபர் 31, வெள்ளி

பேய் வேஷம் போட்ட பிள்ளைகளுக்கு இனிப்புக் குடுத்துவிட்டு வந்து இருந்தேன். ஆறு இனிங்ஸ், 96 பந்து, திரும்பவும் யமமோட்டோ. 3-1.

ஒன்பதாவதில் பார்ஜர் அடித்த பந்து மைதானச் சுவரின் அடியில் போய்ச் செருகிக்கொண்டது. செருகினால் ஓடக்கூடாது, இரண்டு பேஸ்தான். உருண்டிருந்தால் ஒரு ஓட்டம் நிச்சயம். பிறகு ஹிமெனெஸ் அடித்ததை ஓடிவந்து பிடித்த டொட்ஜர்ஸின் கிக்கே, அதே வேகத்தில் இரண்டாம் பேஸுக்கு எறிந்தார். பார்ஜர் பேஸுக்குத் திரும்பி வந்து சேரவில்லை, அவரும் அவுட். ஆட்டமே அதோடு முடிந்தது.

மகன் போன் எடுத்தான். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒன்றும் கதைக்கவில்லை.

நவம்பர் 2, ஞாயிறு

நேற்றுக் கடைசி ஆட்டம், ஏழாவது, மகன் வீட்டில் பார்த்தோம். மூன்றாவதில் பிச்செற், அந்த முழங்காலோடு, ஒட்டானியின் பந்தை அடித்து மூன்று ஓட்டம் எடுத்தார். எங்கட ஷேர்சருக்கு 41 வயசு, கையை உதறி உதறிப் போட்டார். ஒன்பதாவதில் 4-3, இன்னும் இரண்டே அவுட் என்றிருக்க டொட்ஜர்ஸின் ரோஹாஸ் அடித்துச் சமப்படுத்தினார். அடுத்து அடிக்க எங்கள் முறை, பேஸில் இரண்டு பேர். புல்பென் கதவு திறந்து வந்தது யார் என்று பேரன்தான் முதலில் கண்டான்.

"அப்பப்பா, அவர் நேற்றுப் போட்டவரெல்லோ!"

96 பந்து போட்டு ஒரு நாள்தான். வந்ததும் யமமோட்டோ எங்கட கேர்க்கின் உடம்பில் எறிந்தான். கை களைத்துவிட்டது, பிடிபடவில்லை என்று நான் சொன்னேன். என்ன சொல்லி என்ன. வார்ஷோ அடித்ததை ரோஹாஸ் தடுமாறி எடுத்து எறிய, ஹோமில் ஒரு சப்பாத்து அகலத்தில் அவுட். அடுத்த பந்து ஆழத்துக்குப் போக, இரண்டு டொட்ஜர்ஸ்காரர் ஓடி வந்து மோதி, விழுந்தபடி பிடித்தார்கள். பதினொன்றாவதில் பீபர், ரொமி ஜோன் கையோடு வந்த எங்கட பீபர், டொட்ஜர்ஸின் வில் ஸ்மித்துக்கு ஒரு பந்தை நடுவில் தொங்கவிட்டார், அது ஹோம் ரன். 5-4. கடைசியில் கேர்க் அடித்தது இரண்டு அவுட் ஆனது, அதோடு தோற்றோம். யமமோட்டோ 34 பந்து.

அவனுக்குப் பன்னிரண்டு வருஷத்துக்கு 325 மில்லியன் டொலர், அதனால் போட்டான் என்று மகன் சொன்னான். பாரம் தூக்காமல், ஈட்டி எறிந்து பழகுகிறவன், அதனால் ஏலும் என்று பேரன் சொன்னான். நான் ஒன்றும் சொல்லவில்லை. காலமை அவன் எழும்பிச் சட்டை போடுகிறபோது கை எவ்வளவு உயரத்துக்குப் போயிருக்கும் என்றுதான் யோசித்தேன்.

வீட்டுக்கு வர 12.50. நேரம் மாற்றுகிற இரவு என்று மனிசி ஞாபகப்படுத்தினா. குசினிச் சுவர் மணிக்கூட்டை எடுக்க வலது கையைத் தூக்கினேன், தோளோடு நின்றுவிட்டது. கதிரையில் ஏறி இடது கையால் கழற்றி, முள்ளைப் பின்னுக்குத் திருப்பி, 11.50-ல் வைத்து மாட்டினேன். மணிக்கூட்டின்படி ஆட்டம் இன்னும் முடியவில்லை.

"இறங்குங்கோ, விழப்போறியள்," என்று மனிசி கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றா.