கௌச்சோ லாசோ: நாலு வார்ப் பின்னல், இதுவரை

லாசோ என்ற மாடு பிடிக்கும் சுருக்குக் கயிற்றின் இரண்டு மீட்டர் மாதிரித் துண்டு பின்னி முடிந்தது. முழு லாசோ இதைப்போல ஆறேழு மடங்கு நீளம் வரும். ஆனால் பதனிடாத மாட்டுத்தோலின் குணம் பிடிபட இதுவே போதும்.

1611, 1617 ஆண்டுகளில் ஸ்பானியக் குடியேற்றக் கால ஆளுநர் ஹெர்னாண்டாரியாஸ் இன்றைய உருகுவே பகுதியில் கொண்டுவந்து விட்ட மாடுகள் கேட்பாரற்றுப் பெருகின. அந்தச் சமவெளியின் குதிரையேறிய மாட்டுக்காரர்களான கௌச்சோக்கள் அவற்றைத் தோலுக்காகவே வேட்டையாடினார்கள்; இறைச்சியில் பெரும்பகுதி வெட்டவெளியில் அழுகியது. இரும்பு அரிதான அந்தச் சமவெளியில் கதவும் கட்டிலும் கயிறும் தோல்தான். அவர்களுடைய சேணத்தில் கயிற்றைச் சுற்ற முன்கொம்பு கிடையாது. குதிரையின் வயிற்றுவாரில் உள்ள வளையத்தில் லாசோவை மாட்டுவார்கள். காளையின் இழுப்பு முழுவதும் கயிற்றின்மேல் விழும். ஒரு வார் மெலிந்திருந்தால் அறுவது அங்கேதான்.

அதனால் வெட்டும் வேலையில் அவசரமே கூடாது. முடி நீக்கிய தோலை இரவு முழுக்க ஊறவைத்து, முதுகுப் பக்கத்தில் 35 செ.மீ. விட்டமுள்ள வட்டம் எடுத்தோம். வயிற்றுப் பக்கத் தோல் வேண்டாம், கண்டபடி நீளும். வெளிவிளிம்பிலிருந்து சுருள் சுருளாக 6 மி.மீ. அகலத்தில் வெட்டிக்கொண்டே போனால், நடுவில் 10 செ.மீ. விட்டாலும் 14 மீட்டருக்கு மேல் கிடைக்கிறது. நடுப்பகுதியில் வளைவு அதிகம், இழுத்தாலும் நேராகாது. நமக்குத் தேவை மூன்று மீட்டர் வார் நாலு: பின்னும்போது நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும்.

ஈரத்தோடு இழுத்துக் கட்டிக் காயவிட்டபின், வாரின் மேற்புற விளிம்பு இரண்டையும் சாய்வாகச் சீவ வேண்டும். பலர் விட்டுவிடும் வேலை இது. சீவாத வார்கள் ஒன்றின்மேல் ஒன்று படியாமல் பல்பல்லாக நிற்கும். உரசி முதலில் தேய்வதும் அந்த விளிம்புதான்.

பின்னல் எளிது. வலது ஓர வாரை நடு இரண்டின் பின்னால் கொண்டுபோய், திரும்பி ஒன்றின்மேல் போடு. இடது ஓரத்திலும் அப்படியே. கடினம் ஈரப்பதத்தில்தான். சொட்டச் சொட்டப் பின்னினால் உலரும்போது வார் மெலிந்து இடைவெளி விழும். உலர்ந்திருந்தால் மடிப்பில் வெடிக்கும். தொட்டால் குளிர வேண்டும், விரலில் நீர் ஒட்டக்கூடாது. நனைத்த வார்களை ஈரத்துணியில் சுற்றிவைத்தால் அந்தப் பதம் வரும். இழுப்பு தளர்ந்தால் பிறகு சரிசெய்ய வழியில்லை, அந்த இடம் வரை பிரிக்க வேண்டியதுதான்.

முழுக்க உலர்ந்தபின் பலகைக்கு அடியில் உருட்டினால் பின்னல் உருண்டையாகப் படியும். அப்புறம் மாட்டுக்கொழுப்பைக் கையில் தேய்த்துப் பூசலாம். உருக்கிச் சூடாக ஊற்றாதீர்கள். ஈரம் மிச்சமிருக்கும் தோல் சுமார் 60 டிகிரியிலேயே சுருங்கத் தொடங்கி, விறைத்துவிடும்.

அடுத்தது இரும்பு வளையம் கோத்து முனையைக் கட்டுவது. திருப்பிச் செருகும் பகுதியில் வாரை 3 மி.மீ. அகலத்துக்கு மெலிக்க வேண்டும், இல்லாவிட்டால் முடிச்சு புடைத்துச் சுருக்கு ஓடாது.