காய்ச்சல் மூளையைத் தொடும்போது

மூச்சுப்பாதையைத் தாக்கும் வைரஸ் மூளைக்குக் கேடு செய்ய, மூளைக்குள் நுழைந்தாக வேண்டும் என்பதில்லை. இதைப் பலர் அறியாதிருப்பது எனக்குக் கவலையளிக்கிறது.

இன்ஃப்ளூயன்சா கண்ட குழந்தைகளில் மிகச் சிலருக்கு, காய்ச்சல் தொடங்கிய ஓரிரு நாட்களிலேயே வலிப்பு வந்து நினைவு தப்பிவிடுகிறது. எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தால், மூளையின் ஆழத்தில் இடமும் வலமுமாக அமைந்த தலாமஸ் இரண்டு பக்கமும் ஒன்றுபோல வீங்கிச் சிதைந்திருக்கும். ஆனால் முதுகுத்தண்டு நீரைச் சோதித்தால் பெரும்பாலும் வைரஸ் அகப்படுவதில்லை. ஜப்பானிய மருத்துவர்கள் 1990களில் தனி நோயாக அடையாளம் கண்ட இந்தக் கடும் மூளைச்சிதைவில், வைரஸை எதிர்க்க உடல் சுரக்கும் சைட்டோகைன்கள் அளவுமீறிப் பெருகி, மூளையின் நுண்ணிய இரத்தக் குழாய்களின் சுவரைத் தளர்த்திவிடுகின்றன என்றும், அதனால் கசியும் நீரும் இரத்தமும் திசுவை அழிக்கின்றன என்றும் கருதப்படுகிறது. ரான்பிபி2 என்னும் மரபணுவில் மாற்றம் உள்ளவர்களுக்கு இந்நோய் திரும்பவும் வரக்கூடும்.

கொரோனாவில் வாசனை போனதும் ஏறக்குறைய இப்படி மறைமுகமாக நிகழ்ந்ததுதான். அந்த வைரஸ் பற்றிக்கொள்ளும் ஏசிஇ2 புரதம் வாசனை நரம்பணுக்களில் அல்லாமல், அவற்றைத் தாங்கி நிற்கும் துணை அணுக்களில்தான் மிகுதியாக உள்ளது. துணை அணுக்கள் அழிந்ததும் நரம்பணுக்கள் செயலிழந்தன. கில்லன் பாரே என்னும் நரம்பு நோயிலும் கேடு மறைமுகமானதே: காய்ச்சல் தணிந்து சில நாட்களோ வாரங்களோ கழித்து, நோயெதிர்ப்பு மண்டலம் தன் உடலின் நரம்புகளையே தாக்க, பலவீனம் பெரும்பாலும் கால்களில் தொடங்கி மேலேறுகிறது.

விதிவிலக்குகளும் உண்டு. 2014இல் அமெரிக்காவில் பரவிய என்டிரோவைரஸ் டி68, தண்டுவடத்தின் இயக்க நரம்பணுக்களையே தாக்கிக் குழந்தைகளின் கைகால்களை முடக்கியதற்கு வலுவான சான்றுகள் உள்ளன. மூச்சுவழியே தொற்றும் தட்டம்மையோ, அரிதாக மூளையில் பதுங்கியிருந்து, பெரும்பாலும் ஏழு முதல் பத்து ஆண்டுகள் கழித்து, படிப்பில் பின்னடைவாகவும் திடீர்த் தசைத் துடிப்புகளாகவும் தலைகாட்டி, பிறகு உயிரையே பறிக்கிறது. இதற்குத் தீர்வான மருந்து இல்லை. தடுப்பூசியால் வராமல் தடுக்கலாம்.

ஆகவே, காய்ச்சலில் கிடக்கும் குழந்தையிடம் வெப்பமானி காட்டும் அளவைவிட அதன் விழிப்பையே முதலில் கவனிக்கச் சொல்வேன். எழுப்பினாலும் சரியாக விழிக்காமை, பெற்றோரை அடையாளம் தெரியாமை, பொருத்தமற்ற பேச்சு, நீடிக்கும் அல்லது திரும்பத் திரும்ப வரும் வலிப்பு, நடை தளர்வு ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும், விடியட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். இன்ஃப்ளூயன்சா காய்ச்சலுக்குக் குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது. மூளையையும் கல்லீரலையும் ஒருசேரத் தாக்கும் ரேய் நோய்க்கும் அதற்கும் தொடர்புண்டு.