மூன்று கிரவுண்டு, ஒரே பையன்

மதுரையில் நன்றாகக் கால்பந்து ஆடும் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவனை எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் பள்ளியில் பி.டி. சார் கூப்பிடுவார். சாயங்காலம் அகாடமி. ஞாயிற்றுக்கிழமை உசிலம்பட்டிப் பக்கமோ மேலூர்ப் பக்கமோ அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் டோர்னமெண்ட். அதில் ஏரியா அண்ணன்களோடு இறங்குவான். மூன்று இடத்திலும் அவனைக் கவனிக்க ஆள் உண்டு. மூன்று இடத்துச் சுமையையும் கூட்டிப் பார்க்கத்தான் ஆள் கிடையாது. பிள்ளைகளுக்கு வரும் முட்டி வலி, குதிகால் வலி, "முன்ன மாதிரி ஓட முடியல சார்" என்கிற அலுப்பு ஆகியவற்றில் பெரும்பகுதிக்கு இந்தக் கூட்டல் நடக்காததே காரணம் என்று உறுதியாக நினைக்கிறேன். கூட்டுவதற்கு, ஓடும் தூரத்தை அளக்கும் ஜி.பி.எஸ். சட்டை வேண்டாம். ஒரு நாற்பது பக்க நோட்டு போதும்.

பயிற்சி முடிந்து பத்து நிமிடம் கழித்து, அரை மணி நேரத்துக்குள், ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரே கேள்வி: "இன்னிக்கு எவ்வளவு கஷ்டமா இருந்துச்சு? பத்துக்கு எத்தனை?" 0 என்றால் சும்மா உட்கார்ந்திருந்தது. 2 லேசு. 3 மிதம். 4 கொஞ்சம் கஷ்டம். 5 கஷ்டம். 7 ரொம்பக் கஷ்டம். 10 என்றால் இதற்கு மேல் ஒரு அடி முடியாது. அந்த எண்ணைப் பயிற்சி நடந்த நிமிடங்களால் பெருக்கினால் அன்றைய சுமை. 75 நிமிடம், எண் 5 என்றால் 375. அமெரிக்க உடற்பயிற்சி விஞ்ஞானி கார்ல் ஃபாஸ்டர் பரப்பிய முறை இது; பெரிய கிளப்புகள் இன்றும் இதை விடவில்லை.

இதில் கோளாறு வரும் இடங்கள் சில. வட்டமாக நிற்கவைத்து வரிசையாகக் கேட்டால் கேப்டன் சொன்ன எண்ணையே எல்லோரும் சொல்வார்கள்; தனித்தனியாகக் கேளுங்கள். கடைசி ஸ்பிரிண்ட் முடிந்த மூச்சிலேயே கேட்டால் எண் ஏறிப்போய் வரும். அணியில் இடம் போய்விடும் என்று பயப்படுகிற பையன் 7-ஐ 4 என்பான், அதனால் எண்ணை வைத்துத் திட்டவோ பாராட்டவோ கூடாது. முதல் இரண்டு வாரத்து எண்களை நம்ப வேண்டாம், பிள்ளைகள் அளவுகோலைப் பழகட்டும். ஒருவன் எண்ணை இன்னொருவன் எண்ணோடு ஒப்பிடவும் வேண்டாம். வார்ம்-அப் தொடங்கியதிலிருந்து முடிவு வரை நிமிடம் எண்ணுவதென்றால் எல்லா நாளும் அப்படியே எண்ணுங்கள். கேட்பதற்கு முன் கோச் தன் மனதில் ஒரு எண் போட்டுக்கொள்வது நல்லது. கோச் 4 என்று நினைத்த பயிற்சிக்குப் பிள்ளைகள் 6 சொன்னால், வெயிலோ தூக்கமோ பசியோ எதுவோ ஒன்று உள்ளே வேலை செய்கிறது.

இப்போது அந்தப் பையனின் வாரம். அகாடமி திங்கள், புதன், வெள்ளி 75 நிமிடம். எண்கள் 5, 6, 5. மொத்தம் 1200. பள்ளியில் செவ்வாய், புதன், வியாழன் ஒரு மணி நேரம், எண் 4. மொத்தம் 720. ஞாயிறு செவன்ஸில் அரை மணி நேர ஆட்டம் மூன்று, எண் 8. அதுவும் 720. ஆக 2640. அகாடமி கோச் கண்ணுக்குத் தெரிவது இதில் பாதிக்கும் குறைவு. பள்ளியில் தெரிவது கால்வாசி. ஞாயிற்றுக்கிழமையை யாருமே எழுதுவதில்லை, வாரத்திலேயே கடுமையான நாள் அதுதான்.

வயது எத்தனையோ அத்தனை மணி நேரத்துக்கு மேல் வாரப் பயிற்சி போகக் கூடாது என்று விளையாட்டு மருத்துவர்கள் ஒரு விதி சொல்வதுண்டு. இந்தப் பையனுக்கு எட்டேகால் மணி நேரம்தான், 14-க்குள் அடங்குகிறது. மணி நேரம் மட்டும் பார்த்தால் எல்லாம் சரி. ஆனால் புதன்கிழமை இரட்டைப் பயிற்சியும் ஞாயிறு மூன்று ஆட்டமும் அந்தக் கணக்கில் தெரியாது.

உடம்பு பெரிய சுமையைப் பழகிக்கொள்ளும். திடீர்ச் சுமையைத்தான் தாங்காது. நம் ஊரில் அந்தத் திடீர் வரும் தேதியை முன்கூட்டியே சொல்லிவிடலாம். காலாண்டுத் தேர்வு முடிந்த மறுநாள். அரையாண்டு விடுமுறை முடிந்து திரும்பும் வாரம். கோடைக்கால முகாம் தொடங்கும் நாள். வாரம் 2600 செய்துகொண்டிருந்தவனின் நான்கு வாரக் கணக்கு தேர்வால் 2600, 2600, 400, 0 என்று ஆகிறது. சராசரி 1400. தேர்வு முடிந்ததும் பழைய அட்டவணையையே கொடுத்தால் அந்த வாரம் 2600. சராசரியைப் போல 1.86 மடங்கு. கோச் எதையும் கூட்டவில்லை, வழக்கமான பயிற்சிதான். ஆனாலும் உடம்புக்கு அது ஏறக்குறைய இரட்டிப்பு. பின்தொடைத் தசை பிடிப்பது இந்த வாரத்திலும் அடுத்த வாரத்திலும்தான். 1400, 1900, 2300, 2600 என்று நான்கு வாரத்தில் ஏற்றுங்கள். பள்ளிகளுக்கிடையே நடக்கும் குறுவட்டப் போட்டி நெருங்கிவிட்டது, நான்கு வாரம் ஏது என்று கேட்பீர்கள். அப்படியானால் தேர்வு நாட்களிலேயே வாரம் மூன்று முறை இருபது நிமிடம், வீட்டு வாசலிலோ தெருவிலோ, கயிறு தாண்டுதல், சின்ன ஸ்பிரிண்ட், ஒற்றைக்கால் குந்துதல் என்று விட்டுவைக்காமல் செய்யச் சொல்லுங்கள். பள்ளத்தின் ஆழம் குறையும்.

இந்த வாரத்தை நான்கு வாரச் சராசரியால் வகுக்கும் விகிதம் 0.8-க்கும் 1.3-க்கும் இடையே இருந்தால் நல்லது, 1.5 தாண்டினால் ஆபத்து என்று ஒரு காலத்தில் சட்டம் போலச் சொன்னார்கள். ஆராய்ச்சியாளர்களிடையே இதற்குக் கடும் மறுப்பும் உண்டு. நீண்ட விடுமுறைக்குப் பின் வகுக்கும் எண் சிறிதாகிவிடும், விகிதம் தாறுமாறாக ஏறும். யாருக்கு அடிபடும் என்று ஜோசியம் பார்க்க இது உதவாது. "நில், ஏன் இந்த ஏற்றம்?" என்று கோச்சைக் கேட்கவைக்கும், அந்த அளவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வாரத்துக்குள் மேடு பள்ளம் இருக்க வேண்டும். தினமும் 350, 350, 350 என்று ஓட்டினால் மொத்தம் அதிகமில்லாவிட்டாலும் பிள்ளைகள் வாடிவிடுவார்கள். ஏழு நாள் சராசரியைத் திட்ட விலக்கத்தால் (எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு விலகி நிற்கின்றன என்பதன் அளவு) வகுத்துப் பாருங்கள். 2-க்கு மேல் போனால் வாரம் தட்டையாக இருக்கிறது என்று பொருள். ஞாயிறு ஆட்டம் இருந்தால் திங்கள் முழு ஓய்வு, செவ்வாய் பந்தோடு லேசாக, புதன் கடுமை, வியாழன் நடுத்தரம், வெள்ளி குறைந்த நேரத்தில் வேகம், சனி ஓய்வு. மேலே சொன்ன பையனுக்குத் திங்கட்கிழமை அகாடமியை எடுத்தாலே பாதிச் சிக்கல் தீரும். கடும் ஆட்டத்துக்குப் பின் தசை பழைய நிலைக்கு வர 48 முதல் 72 மணி நேரம் ஆகும், அவன் 24 மணி நேரத்தில் திரும்ப ஓடுகிறான்.

எண்ணில் சேராமல் போகும் இன்னொன்று தண்டனை ஓட்டம். தாமதமாக வந்தவன் வார்ம்-அப் இல்லாமலே நான்கு ரவுண்டு ஓடுகிறான். 400 மீட்டர் தடம் என்றால் 1.6 கிலோமீட்டர், குளிர்ந்த தசையோடு. அதை விட்டுவிடுங்கள். கூம்புகளை எடுத்துவைக்கச் சொல்லுங்கள், வலையைக் கட்டச் சொல்லுங்கள். வார்ம்-அப்புக்கு ஃபிஃபா 11+ இருக்கிறது, இருபது நிமிடம், வாரம் இரண்டு முறையாவது முழுமையாக. 7 முதல் 13 வயது வரை அதன் சிறுவர் வடிவம். பாதியில் வெட்டி ஓட்டத்தை மட்டும் செய்தால் பலனில்லை. காயத்தைத் தடுப்பது நடுவில் வரும் வலு, சமநிலைப் பயிற்சிகள்தான்.

வெயில். மே மாதத்தில் மதுரை 38, 40 டிகிரி தொடும். மாலை நாலரைக்கும் மைதானத்து மண் அனல் கக்கும். அதிகாலையில் சூடு குறைவு, ஆனால் காற்றில் ஈரம் கூடுதல், வியர்வை காயாது. ஒரே பயிற்சி, ஒரே தூரம். பிப்ரவரியில் 5 சொன்னவன் மே மாதத்தில் 7 சொல்வான். ஓடிய தூரத்தை மட்டும் அளக்கும் கருவிக்கு இந்த வித்தியாசம் தெரியாது, பிள்ளையின் வாய்க்குத் தெரியும். அதனால்தான் இந்த எளிய எண் நம் ஊருக்கு இன்னும் பொருத்தம். தேர்வறையிலிருந்து நேராகக் கோடை முகாமுக்கு வரும் பிள்ளைகளுக்கு வெயில் பழக பத்திலிருந்து பதினான்கு நாள் ஆகும். முதல் வாரம் ஒரு வேளைப் பயிற்சி மட்டும், ஒரு மணி நேரம். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை மூன்று நிமிடம் மர நிழல். பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள்: ஒரு கிலோ குறைந்தால் ஒரு லிட்டர் வியர்வை. 50 கிலோ பிள்ளை ஒரு கிலோ இழந்தாலே 2 சதவீதம், ஆட்டம் தளரத் தொடங்கும் அளவு. இழந்ததைப் போல ஒன்றேகால் முதல் ஒன்றரை மடங்கு வரை அடுத்த சில மணி நேரத்தில் குடிக்க வேண்டும். உப்புப் போட்ட நீர்மோர் அருமையான பானம். தடுமாறி நடந்தால், சம்பந்தமில்லாமல் பேசினால், ஆம்புலன்ஸ் வரும் வரை சும்மா காத்திருக்கக் கூடாது. 108-ஐ ஒருவர் கூப்பிடட்டும், மற்றவர்கள் அந்த நிமிடமே உடம்பு முழுக்கக் குளிர்ந்த நீரை ஊற்றி விசிறுங்கள். முதலில் குளிர்விப்பது, பிறகுதான் ஏற்றிச் செல்வது.

வளர்ச்சிக்கும் நோட்டில் ஒரு பக்கம் வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, காலையில், செருப்பில்லாமல், சுவரோடு நிறுத்தி உயரம் குறியுங்கள். பெண்பிள்ளைகளுக்குச் சராசரியாக 12 வயதையும் பையன்களுக்கு 14 வயதையும் ஒட்டி வேகமாக உயரும் காலம் வரும். மூன்று மாதத்தில் 2 சென்டிமீட்டருக்கு மேல் ஏறினால் அந்தப் பிள்ளை அந்தக் காலத்தில் இருக்கிறது. எலும்பு முந்தி நீளும், தசையும் அதை எலும்போடு பிணைக்கும் நாணும் பின்தங்கும். நாண் ஒட்டியிருக்கும் வளர் எலும்பை ஒவ்வொரு உதையும் இழுக்கும். முட்டிச் சிப்பிக்குக் கீழே புடைத்து வலிப்பது ஆஸ்குட்-ஷ்லாட்டர், குதிகால் பின்புறம் வலிப்பது செவர். வலிக்கும் புடைப்பில் எண்ணெய் போட்டு அழுத்தி நீவ வேண்டாம், எரிச்சல் கூடும். குதித்தல், முழு வேக ஷூட்டிங், திடீர் நிறுத்தம் ஆகியவற்றைப் பாதியாக்குங்கள். பாஸிங், பந்தைக் கட்டுப்படுத்தும் பயிற்சி தொடரட்டும். காய்ந்து இறுகிய மண்ணில் நீள ஸ்டட் பூட்ஸ் குதிகாலுக்குப் பகை. அங்கே சிறு குமிழ்கள் நிறைந்த டர்ஃப் ஷூதான் சரி.

வலியையும் பத்துக்குக் கேளுங்கள். 2 வரை ஆடலாம். 3, 4 என்றால் குறைத்து ஆடலாம், மறுநாள் காலை வலி கூடினால் அதுவும் அதிகம். 5 என்றால் நிறுத்தம். நொண்டினால் எண்ணே கேட்க வேண்டாம், நிறுத்தம். முட்டி வலி என்று நொண்டும் 10 முதல் 16 வயதுப் பிள்ளைக்கு மருத்துவரிடம் இடுப்பையும் பார்க்கச் சொல்லுங்கள். இடுப்பு மூட்டில் வளர் எலும்பு நழுவினால் வலி முட்டியில் தெரிவதுண்டு, தாமதித்தால் மூட்டு கெடும். பின்னால் வளையும்போது இடுப்பு முதுகு வலி இரண்டு மூன்று வாரம் நீடித்தால் அதற்கும் மருத்துவர்.

தூக்கத்துக்கு ஈடாக ஐஸ் குளியலோ புரோட்டீன் பவுடரோ எதுவும் கிடையாது. 13 முதல் 18 வயதுக்கு 8 முதல் 10 மணி நேரம் வேண்டும். மின்னொளி டோர்னமெண்ட் இரவு பதினொன்றுக்கு முடிந்து, பரோட்டா சாப்பிட்டு, ஒரு மணிக்குப் படுத்து, ஐந்தரைக்கு டியூஷன் போகிறவன் திங்கட்கிழமை எந்தப் பயிற்சிக்கும் தகுதியானவன் அல்ல. நோட்டில் தூங்கிய மணி நேரத்துக்கு ஒரு கட்டம் போடுங்கள். இரண்டு நாள் தொடர்ந்து 7-க்குக் கீழே இருந்தால் அன்றைய பயிற்சி பாதி. பயிற்சி முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் இரண்டு வாழைப்பழமும் ஒரு கிண்ணம் சுண்டலும், அல்லது அவித்த வேர்க்கடலையும் முட்டையும், வீட்டில் மோர் விட்ட சோறு என்றாலும் சரி.

எல்லாச் சோர்வும் பயிற்சியால் வருவதல்ல. சுமையைக் குறைத்து இரண்டு வாரம் ஆகியும் மூச்சிரைப்பும் அசதியும் போகாவிட்டால் ஹீமோகுளோபின் பாருங்கள். தேசியக் குடும்பநல ஆய்வின் 2019-21 கணக்கில் 15 முதல் 19 வயதுப் பெண்பிள்ளைகளில் பாதிக்கும் மேல் இரத்தசோகை. 12 வயதுக்கு மேற்பட்ட பெண்ணுக்கு 12 கிராமுக்குக் கீழே என்றால் குறைவு. அரசுப் பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் இரும்புச்சத்து மாத்திரையைப் பையில் பதுக்காமல் சாப்பாட்டுக்குப் பின் விழுங்கச் சொல்லுங்கள். சாப்பாட்டோடு டீ வேண்டாம், அது இரும்பை உடம்பில் சேரவிடாது. மாதவிடாய் அதிகமாகவோ, வரவேண்டிய மாதங்களில் வராமலோ இருந்தால் அம்மாவிடம் பேச ஒரு பெண் ஆசிரியரை ஏற்பாடு செய்யுங்கள்.

நோட்டு பிள்ளையின் பையிலேயே இருக்கட்டும், பி.டி. சாரும் அகாடமி கோச்சும் ஒரே பக்கத்தில் எழுதட்டும். எழுதிய பிறகுதான் தகராறு வரும்: யார் விட்டுக்கொடுப்பது? அந்த வாரம் போட்டி இல்லாதவர் விட்டுக்கொடுக்க வேண்டும். குறுவட்டப் போட்டி வாரத்தில் அகாடமி ஒரு நாளாகச் சுருங்கட்டும், அகாடமிக்கு லீக் ஆட்டம் இருக்கும் வாரத்தில் பள்ளியில் அவன் பந்து பொறுக்கட்டும். இரண்டும் ஒரே வாரத்தில் விழுந்தால் முதலில் வெட்டுவது ஞாயிறு செவன்ஸ். அடுத்து இரட்டைப் பயிற்சி நாளில் ஒன்று. அதன்பின் நிமிடம்: 75-ஐ 45 ஆக்குங்கள். வேகத்தைக் கடைசியாகத்தான் தொட வேண்டும், ஏனென்றால் வாரத்தில் ஒருமுறைகூட முழு வேகத்தில் ஓடாத பையனுக்கு ஆட்டத்தில் முதல் முழு ஓட்டத்திலேயே பின்தொடை பிடிக்கும்.