இரண்டாம் வகுப்பில் முதல் நாள்

2020 மார்ச்சில் மூடிய பள்ளி, ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கு இன்று, 2021 நவம்பர் 1 அன்று, மறுபடி திறந்தது. எங்கள் வீட்டிலிருந்து இரண்டு பேர் போனார்கள். ஆறாம் வகுப்பு மகனுக்கு அது பழகிய இடம். நண்பர்களைக் கண்டதும் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மகள் இரண்டாம் வகுப்பு. ஊரடங்கு வந்தபோது அங்கன்வாடிக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஒன்றாம் வகுப்பில் பெயர் சேர்த்தோம், புத்தகம் வாங்கி வந்தோம், ஆண்டு முடிந்தது, தேர்ச்சி என்றார்கள். அந்த வகுப்பறையில் அவள் ஒரு நாள்கூட உட்கார்ந்ததில்லை. கல்வித் தொலைக்காட்சியும் என் சிலேட்டும்தான் அவளுக்கு ஒன்றாம் வகுப்பு. அவள் அப்பா ஜவ்வரிசி ஆலைக்குப் போனால் வீட்டிலிருக்கும் ஒரே செல்போனும் அவரோடு போய்விடும்.

வருகை கட்டாயமில்லை என்பதால் பலர் தீபாவளி கழித்து அனுப்பிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டார்கள். "19 மாதம் பொறுத்தாயிற்று, இன்னும் மூன்று நாள் பொறுத்தால் என்ன?" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. என்னால் முடியவில்லை. அம்மாயி விடியற்காலையிலேயே அவளுக்கு எண்ணெய் வைத்து இரட்டைச் சடை பின்னி ரிப்பன் கட்டிவிட்டார். வாசலில் காய்ச்சல் பார்த்து, கையில் கிருமிநாசினி ஊற்றி உள்ளே அழைத்துக்கொண்டார்கள். அழவில்லை.

இடைவேளை மணி அடித்ததும் பள்ளி முடிந்துவிட்டது என்று நினைத்துப் பையை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டாளாம். அண்ணன்தான் பிடித்துக்கொண்டுபோய் வகுப்பில் விட்டிருக்கிறான். மாலையில் ஆசிரியையிடம் கேட்டேன். "உங்கள் மகள் மட்டுமில்லை, அவளோடு இன்னும் நாலைந்து பேர் பையோடு வந்து நின்றார்கள்" என்றார்.

முதல் இரண்டு வாரம் கதையும் பாட்டும் விளையாட்டும்தான் என்றும் சொன்னார். பக்கத்தில் நின்ற ஒருவர், பாடம் எப்போது தொடங்கும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவருடைய கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் வரிசையில் நிற்பது, தன் முறை வரும்வரை வாயை மூடிக்கொண்டிருப்பது, தண்ணீர் குடிக்க அனுமதி கேட்பது, இவையெல்லாம் நான் வீட்டில் சொல்லிக்கொடுக்க முடியாத பாடங்கள். ஒன்றாம் வகுப்பில் இவள் இழந்தது இவற்றைத்தான். இரண்டு வாரம் போதாது, இந்த ஆண்டு முழுவதும் எடுத்துக்கொண்டாலும் எனக்குச் சம்மதமே.

மதியம் சத்துணவில் முட்டையை முழுதாகச் சாப்பிட்டாளாம். வீட்டில் மஞ்சள் கருவைத் தொடமாட்டாள். பக்கத்தில் உட்கார்ந்தவள் சாப்பிட்டாளாம், அதனால் இவளும். யாரடி அது என்றால் பெயர் தெரியவில்லை. "சிவப்பு மாஸ்க்" என்கிறாள்.

இதை எழுதும்போது மகன் திண்ணையில் கரண்டியால் தட்டில் அடித்து, இடைவேளை மணி எப்படி இருக்கும், வீட்டு மணி எப்படி நீளும் என்று அவளுக்குக் காட்டிக்கொண்டிருக்கிறான். நாளைக்குச் சரியாகத் தெரிந்துவிடும் என்கிறாள்.