சோழகத்தோடு வீடு திரும்பினோம்

ஏப்ரல் 16 விடியற்காலை புதுச்சேரி தேங்காய்த்திட்டு துறைமுகத்திலிருந்து பாய் ஏற்றிப் புறப்பட்டோம். ஜூன் 14 மாலை அதே இடத்துக்குத் திரும்பி வந்தோம். நானும் தம்பியும், 19 அடி நீளமுள்ள எங்கள் பாய்மரப் படகும். கோடியக்கரை வரைக்கும் போய்விட்டு வந்தோம்.

இந்தத் தேதிகளை வேண்டுமென்றேதான் தேர்ந்தெடுத்தோம். ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம். மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் பருவம் என்பதால் விசைப்படகுகள் எல்லாம் துறைமுகத்தில் கட்டிக் கிடக்கும். இரவில் இழுவலைகளின் நடுவே மாட்டிக்கொள்ளும் பயம் எங்களைப் போன்ற சின்னப் படகுக்கு இருக்காது. பைபர் படகுகள் மட்டும் கரையோரமாக வந்து போகும்.

போகும் பாதையைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. வெயில் காலத்தில் இந்தக் கடலில் தெற்கே போவது பொறுமைக்கு வைக்கும் சோதனை. காற்றும் தெற்கிலிருந்து வருகிறது, நீரோட்டமும் தெற்கிலிருந்துதான். அந்த நீரோட்டத்தை மீனவர்கள் தெண்டி என்கிறார்கள். விடியற்காலையில் கரையிலிருந்து வீசும் காற்றை வைத்துச் சில மணி நேரம் ஓடுவோம். பத்து, பதினைந்து கிலோமீட்டர் தாண்டினால் பெரிய விஷயம். மதியம் கடற்காற்று எதிரே எழுந்ததும் ஒதுங்க இடம் தேடுவோம். பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்று முகத்துவாரத்தில் தரை தட்டிச் சுக்கானின் ஆணி முறிந்தது. ஊருக்குள் வெல்டிங் பட்டறை வைத்திருந்த ஒருவர் இரும்புத் துண்டைக் கடைந்து, எங்கள் கண் முன்னாலேயே புது ஆணி செய்து கொடுத்தார். அதற்குமேல் ஒரு ஆணியும் உபரியாகச் செய்து, "இதையும் வச்சுக்கம்மா, கடல்ல கடை கிடையாது" என்று கையில் திணித்தார். அந்த இரண்டாவது ஆணி இன்னமும் என் பையில் இருக்கிறது.

இப்படியே கோடியக்கரை போய்ச் சேர நான்கு வாரத்துக்கு மேல் ஆனது. அங்கே சோழர் காலத்துப் பழைய கலங்கரை விளக்கம் நின்ற இடத்தைப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. மிச்சமிருந்ததை 2004 சுனாமி சாய்த்துவிட்டது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் பாய்மரம் ஓட்டி வந்தவர்களுக்கு அது காட்டிய திருப்பத்தில்தான் நாங்களும் படகைத் திருப்பினோம். உடைந்த செங்கல்லைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது, மறைக்க ஒன்றுமில்லை.

அப்புறம் வேதாரண்யம் பக்கத்து ஊர்களில் தங்கி, ஜூன் 10 அன்று வடக்கே திரும்பினோம். ஐந்தே நாள்! நாகப்பட்டினம், தரங்கம்பாடி, பரங்கிப்பேட்டை, கடலூர், புதுச்சேரி. நாகைப் பக்கம் சோழகம் என்று சொல்லும் தென்காற்று முதுகுப் பக்கம் இருந்தது. தரங்கம்பாடியில் 1620இல் டேனிஷ்காரர்கள் கட்டத் தொடங்கிய கோட்டையைப் போகும்போது அரை நாள் பார்த்துக்கொண்டே இருந்தோம், காற்று அப்படி. வரும்போது தம்பி தேநீர் போட்டு முடிப்பதற்குள் அது பின்னால் போய்விட்டது.

ஜூன் 14. கடலூரிலிருந்து புதுச்சேரி. கடைசி இருபது கிலோமீட்டர்.

காலை ஐந்தரைக்கு நங்கூரம் எடுத்தோம். கடலூர் முதுநகர்ப் பக்கம் இன்னும் விளக்கெரிந்துகொண்டிருந்தது. சிப்காட் புகைபோக்கிகள் பின்னால் தேய்ந்தன. கச்சான், அதாவது மேற்கிலிருந்து வரும் காற்று, கரையின் வெக்கையை அள்ளிக்கொண்டு இடப்பக்கமிருந்து அடித்தது. தேவனாம்பட்டினம், தாழங்குடா, தென்பெண்ணை கடலில் சேரும் இடம் என்று ஒவ்வொன்றாகக் கடந்தோம். ஒன்பது மணிக்கெல்லாம் மூர்த்திக்குப்பத்துக்கு நேரே வந்துவிட்டோம். மதியச் சாப்பாடு வீட்டில்தான் என்று தம்பி அம்மாவுக்கு போன் போட்டுச் சொல்லிவிட்டான்.

நல்லவாட்டுக்கு நேரே காற்று செத்துவிட்டது.

ஜூன் மாதத்தில் இது வழக்கம். கச்சான் ஓய்ந்து கடற்காற்று எழும்புவதற்கு நடுவே ஒரு வெற்று நேரம் இருக்கிறது. பாய் துணி காயப்போட்டது போலத் தொங்கியது. வடக்கே புதுச்சேரியின் புதிய கலங்கரை விளக்கம் கானலில் நடுங்கிக்கொண்டு தெரிந்தது. 1979இல் அது வந்த பிறகுதான், 1836இல் கட்டிய பழைய விளக்கு அணைந்தது. எங்கள் வீடு அந்தப் புது விளக்கத்துக்குக் கிட்டத்தில், வம்பாகீரப்பாளையத்தில். அறுபது நாளில் வீட்டை நினைத்து நான் ஏங்கியதே இல்லை. கண்ணுக்குத் தெரிந்த பிறகு அந்த இரண்டரை மணி நேரம்தான் தாங்க முடியாமல் போனது.

"அக்கா, இன்ஜின் போட்டுடலாமா?"

"இருக்குற பெட்ரோல் முகத்துவாரத்துக்கு வேணும்டா. இரு."

நல்லவாட்டிலிருந்து ஒலிபெருக்கிச் சத்தம் கேட்டது, ஏதோ கோயில் பாட்டு. 2004 டிசம்பர் 26 அன்று சிங்கப்பூரிலிருந்து இந்த ஊர்க்காரர் ஒருவர் போன் செய்து, அங்கிருந்த அறிவு மையத்தின் ஒலிபெருக்கி வழியாக ஊரே எச்சரிக்கப்பட்டுத் தப்பித்தது. எனக்கு அப்போது பத்து வயது. பக்கத்து ஊர்க்காரியாக இதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். ஆனால் அந்தச் சத்தம் தண்ணீரின் மேல் எவ்வளவு தூரம் தெளிவாக வருகிறது என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

கரையில் ஒரு தென்னையையும் அதன் பின்னாலிருந்த தண்ணீர்த் தொட்டியையும் சேர்த்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டும் மெல்ல விலகின. காற்றே இல்லாமல் நாங்கள் நகர்ந்துகொண்டுதான் இருந்தோம். தெண்டி எங்களை வடக்கே கொண்டுபோகிறது. தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அதற்குப் பிறகு அவன் இன்ஜின் பேச்சை எடுக்கவில்லை.

ஒன்றரை மணிக்குத் தென்கிழக்கில் கடல் நிறம் கறுத்தது. காற்று! பாய் ஒரு உதறு உதறி நிறைந்தது. வீராம்பட்டினம் தாண்டி முகத்துவாரத்துக்கு வரும்போது மணி மூன்றாகிவிட்டது.

இந்த முகத்துவாரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அரியாங்குப்பம் ஆறு கடலில் சேரும் இடம் இது. 1980களின் பின்பாதியில் இங்கே இரண்டு பக்கமும் கல்லைக் கொட்டி அலைதடுப்பு கட்டினார்கள். எங்களை வடக்கே தள்ளிய அதே தென்காற்றின் அலைகள்தான் கரையோர மணலையும் வடக்கே நகர்த்துகின்றன. அந்த மணல் தென்பக்கக் கற்களில் முட்டி நின்று, மெல்ல வளைந்து வாயில் வந்து படிகிறது. வடக்கே போக வேண்டிய மணல் போகாததால்தான் நாங்கள் சின்ன வயதில் கடற்கரைச் சாலையில் கருங்கல்லை மட்டுமே பார்த்து வளர்ந்தோம். இங்கே தூர்வாருவதைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு ஆண்டும் மீனவர்கள் உயிரைப் பணயம் வைத்துத்தான் உள்ளே வருகிறார்கள். அதைக் கண்ணால் பார்த்தவள் நான்.

கடல் மட்டம் ஏறி இறங்கும் ஏற்றவற்றம் ஒரு மீட்டரைத் தொடாத கரை இது. இருந்தாலும் கிடைக்கும் ஓரிரு அடியும் முக்கியம். ஏற்றத்துக்காக நாலரை மணி வரை வெளியே காத்திருந்தோம். வாயின் நடுவே அலை வெள்ளையாக உடைந்துகொண்டிருந்தது. பாயை இறக்கி இன்ஜினைப் போட்டோம். வெளியே வந்த ஒரு பைபர் படகில் நின்ற பெரியவர் கையை வீசிக் கத்தினார்.

"வடக்கால ஒட்டி வாம்மா! தெக்கால பூரா மணலு!"

வடக்குக் கற்களுக்கு அவ்வளவு நெருக்கமாக நான் ஒருபோதும் போயிருக்க மாட்டேன். அவர் சொன்னார், போனேன். ஒரு அலை பின்னாலிருந்து தூக்கியது, தம்பி மூச்சை அடக்கிக்கொண்டான், அடுத்த நொடி தண்ணீர் ஆற்றுத் தண்ணீராகிவிட்டது.

உள்ளே திருவிழா. அன்று நள்ளிரவோடு தடைக்காலம் முடிகிறது. ஐஸ் கட்டி உடைத்து ஏற்றுகிறார்கள், டீசல் கேன், அரிசி மூட்டை, புது வலை, படகின் முன்முனையான அணியத்தில் மாலை, சூடம். கட்டிக் கிடந்த ஊர் மொத்தமும் கிளம்ப நிற்கையில் நாங்கள் மட்டும் எதிரே வந்தோம். ஐஸ் சுமந்துகொண்டிருந்த ஒரு பையன் கூடையை இறக்கி வைத்துவிட்டு எங்கள் கயிற்றைப் பிடித்தான்.

"எங்கேர்ந்து?" என்று பக்கத்து விசைப்படகிலிருந்து கேட்டார்கள்.

"கோடியக்கரை."

"பாய்லயா?"

"பாய்லதான்."

வலை மடித்துக்கொண்டிருந்த வயதானவர் ஒருவர் எழுந்து வந்து எங்கள் பாயைக் கையால் தடவிப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. இந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்த பெரிய மரியாதை அதுதான்.

அம்மா ஒரு சொம்பில் நீர்மோரோடு நின்றிருந்தாள். முதலில் படகைத்தான் முழுசாகப் பார்த்தாள், அப்புறம் எங்களை. வீட்டில் வத்தக்குழம்பும் சுட்ட அப்பளமும். இரண்டு மாதம் மீனே சாப்பிட்ட எங்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. குளிக்கும்போது கண்ணை மூடினால் குளியலறை ஆடியது. சுவரைப் பிடித்துக்கொண்டு குளித்தேன்.

தூக்கம் வரவில்லை. பன்னிரண்டு மணிக்கு இன்ஜின்கள் ஒன்றன்பின் ஒன்றாக உறுமத் தொடங்கின. மொட்டை மாடிக்குப் போனால் தம்பி ஏற்கெனவே கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றிருந்தான். உப்பு போக அலசிக் காயப்போட்ட பாய் எங்கள் பின்னால் படபடத்தது. காற்று இன்னும் தெற்கிலிருந்துதான். இருட்டில் விளக்குகள் வரிசையாக முகத்துவாரத்தைக் கடந்தன. ஒவ்வொன்றும் வடக்கே ஒட்டித்தான் போயிற்று.