.22 சப்ரஸர்: கழற்ற முடியாததை வாங்காதீர்கள்

ரிம்ஃபயர் (விளிம்பில் அடித்தால் வெடிக்கும் .22 போன்ற சிறு தோட்டா) துப்பாக்கிக்கு சப்ரஸர், அதாவது குழல் முனையில் மாட்டும் சத்தம் குறைப்பான், வாங்க வருகிறவர்கள் முதலில் கேட்பது, எத்தனை டெசிபல் குறையும் என்றுதான். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது: இதை முழுசாகக் கழற்றிச் சுத்தம் செய்ய முடியுமா? முடியாது என்றால் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

காரணம் ஈயம். பொதுவான .22 தோட்டாவான .22 எல்ஆரின் குண்டு பெரும்பாலும் வெறும் ஈயம்தான். மேலே மெழுகோ மெல்லிய செம்புப் பூச்சோ இருக்கும், அவ்வளவே. தோட்டாவின் விளிம்புக்குள் இருக்கும், தீ மூட்டும் பிரைமர் மருந்திலும் பெரும்பாலும் ஈயச் சேர்மம் உண்டு. ஒவ்வொரு முறை சுடும்போதும் ஈயம், கரி, மெழுகு மூன்றும் கலந்து பாஃபிள்களில், அதாவது சப்ரஸருக்குள் வரிசையாக இருக்கும் துளையுள்ள தடுப்புகளில், அப்பிக்கொள்ளும். சென்டர்ஃபயர் (அடியின் நடுவில் பிரைமர் உள்ள பெரிய தோட்டா) ரைஃபிளில் செம்பு உறை போட்ட குண்டு, அழுத்தமும் வெப்பமும் பல மடங்கு அதிகம். அங்கே மூடி வெல்டிங் செய்த சப்ரஸர் ஓடும். இங்கே அதே சப்ரஸர் ஈயம் சேர்ந்து சேர்ந்து கனத்துப்போகும்.

கழற்ற முடியும் என்று உறுதியான பிறகு உலோகத்தைப் பாருங்கள். அலுமினியம் லேசானது, விலை குறைவு, .22 எல்ஆருக்குத் தாங்கும். ஆனால் சுத்தம் செய்யும்போது செல்லப்பிள்ளை மாதிரி பார்த்துக்கொள்ள வேண்டும். பாஃபிள்கள் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருந்தால் கொஞ்சம் கனம், ஆனால் முரட்டுத்தனமாகத் தேய்க்கலாம். டைட்டானியம் இரண்டுக்கும் நடுவில், விலை மட்டும் உச்சத்தில். சப்ரஸரின் வெளி உறை அலுமினியம் அல்லது டைட்டானியம், பாஃபிள்கள் ஸ்டீல் என்று கலந்து வருவதுதான் அதிகம் சுடுகிறவர்களுக்குச் சரி. இன்னும் வேகமான ரிம்ஃபயர் தோட்டாக்களான .22 டபிள்யூஎம்ஆர், .17 எச்எம்ஆர் சுடும் எண்ணம் இருந்தால், அவற்றுக்குத் தாங்கும் என்று தயாரிப்பாளர் எழுதியிருக்கிறாரா, எத்தனை அங்குலக் குழலுக்குக் குறையாமல் என்று எழுதியிருக்கிறார் என்பதையும் பாருங்கள்.

சத்தத்தில் பாதி தோட்டாவின் கையில் இருக்கிறது. 20 டிகிரி செல்சியஸில் ஒலியின் வேகம் நொடிக்கு சுமார் 343 மீட்டர். குண்டு அதைத் தாண்டினால் வரும் வெடிப்பொலியை எந்த சப்ரஸராலும் அடக்க முடியாது. நொடிக்கு 320 முதல் 326 மீட்டர் வரை போகும் ஸ்டாண்டர்டு வெலாசிட்டி, சப்சோனிக் (ஒலியைவிட மெதுவானவை) வகைகள் நல்லவை. குளிரில் மட்டும் கவனம்: 0 டிகிரியில் ஒலிவேகம் 331-க்கு இறங்கிவிடும், அதனால் வெயிலில் அமைதியாக இருந்த அதே பெட்டித் தோட்டா பனியில் இடையிடையே பளிச்சென்று வெடிக்கும். நாலு அங்குலக் குழலுள்ள பிஸ்டலில் ஹை வெலாசிட்டி தோட்டாக்கள் பலவும் ஒலிவேகத்துக்குள்ளேயே நின்றுவிடும். முதல் தோட்டா மட்டும் சத்தமாகக் கேட்டால் பயப்பட வேண்டாம். உள்ளே இருக்கும் காற்றின் ஆக்சிஜனில் மீதி மருந்து எரிவதுதான் அது.

அமெரிக்காவில் வாங்குகிறவர்களுக்குச் சுருக்கமாக: 1934 தேசிய துப்பாக்கிச் சட்டப்படி பதிவு கட்டாயம். படிவம் 4 (உரிமை மாற்ற விண்ணப்பம்), கைரேகை, புகைப்படம் வேண்டும். 200 டாலராக இருந்த உரிமை மாற்ற வரி 2026 ஜனவரி 1 முதல் பூஜ்யம். வரி போனதே தவிர, பதிவும் ஒப்புதலும் போகவில்லை. அங்கே தனி பாஃபிள்கூடச் சட்டத்தின் கண்ணில் சப்ரஸர்தான். உடைந்தால் தயாரிப்பாளரிடம் அனுப்புங்கள், உதிரி தேடாதீர்கள்.

மாட்டுவதில்தான் பலர் பாஃபிளை அடித்து நாசம் செய்கிறார்கள். .22-இல் பொதுவான மரை அரை அங்குல விட்டம், அங்குலத்துக்கு 28 புரி. சில பிஸ்டல்களில் அடாப்டர் தேவைப்படும். முதலில் துப்பாக்கி காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்யுங்கள். மரையையும், அதன் அடியில் சப்ரஸர் வந்து உட்காரும் தோளையும் துணியால் துடையுங்கள். தோளில் ஒரு கரித்துண்டு இருந்தால் போதும், சப்ரஸர் சாய்ந்து உட்காரும். நடுவில் நசுங்கும் வாஷர் எதுவும் போடாதீர்கள், அதுவும் சாய்த்துவிடும். கையால் இறுக்கியதும், குழலுக்குள் அளவுக் கம்பியை (குழலின் துளைக்குச் சரியாகப் பொருந்தும் நேரான கம்பி) விட்டு சப்ரஸரின் முன்முனைத் துளையைப் பாருங்கள். கம்பியைச் சுற்றி இடைவெளி எல்லாப் பக்கமும் சமமாக இருக்க வேண்டும். பத்துப் பதினைந்து தோட்டாவுக்கு ஒருமுறை இறுக்கத்தைத் தொட்டுப் பாருங்கள், அது தானாகத் தளரும்.

சுத்தம் 300 முதல் 500 தோட்டாவுக்கு ஒருமுறை. தள்ளிப்போட்டால் பாஃபிள் அடுக்கு உறையோடு ஒட்டிக்கொள்ளும், பிறகு சுத்தியல் வரை போக வேண்டியிருக்கும். புதிதாக இருக்கும்போதே எடைபோட்டுக் குறித்து வைத்தால், உள்ளே எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பதைத் தராசே சொல்லிவிடும். கழற்றும்போது வரிசையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். குழலுக்கு மிக அருகில் இருக்கும் முதல் பாஃபிளைக் கையில் எடுத்தால் தெரியும்: கூம்பின் ஓரமெங்கும் சாம்பல் நிறத்தில், நகத்தால் கீறினால் பளபளக்கும் ஈயம். முன்முனை பாஃபிளில் அநேகமாக வெறும் கரிதான் இருக்கும்.

கையுறை கட்டாயம். உலர்வாகத் தேய்த்தால் ஈயத்தூசி மூச்சில் போகும், அதனால் எப்போதும் கரைப்பானில் நனைத்தே தேயுங்கள். சமையலறைத் தொட்டி வேண்டவே வேண்டாம். ஸ்டீல், டைட்டானியம் பாஃபிள்களை அல்ட்ராசோனிக் தொட்டியிலோ, ஸ்டீல் ஊசிகளோடு ஈர டம்ப்ளரிலோ (தண்ணீரோடு சுழலும் டப்பா) போடலாம். அலுமினியத்துக்கு அது இரண்டும் ஆகாது. பிளாஸ்டிக் சுரண்டி, பித்தளை பிரஷ், பொறுமை. வினிகரும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கலந்த கரைசல் ஈயத்தை அற்புதமாகக் கரைக்கும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கரைந்து கிடைப்பது ஈய அசிட்டேட், தண்ணீரில் கரைந்து நிற்கும் நஞ்சு. அலுமினியத்தையும் அது அரித்துவிடும். அழுக்கு நீரைச் சாக்கடையில் ஊற்றாமல் மூடிய டப்பாவில் சேர்த்து, அபாயக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள்.

காய்ந்த பிறகு பாஃபிள்களின் வெளிப்புறத்தில் சிலிகான் எண்ணெயை மிக மெல்லிசாகத் தடவி அடுக்கினால், அடுத்த முறை கரி தோல்போல உரிந்து வரும். உறையின் மரைக்குக் கொஞ்சம் ஆன்டி சீஸ் (மரை இறுகிப்போகாமல் தடுக்கும் பசை). மாட்டிய பிறகு முதல் ஐந்து தோட்டாவும் சுட்டதும் முன்முனைத் துளையைப் பாருங்கள். ஓரத்தில் புதிதாக ஒரு கீறல் தெரிந்தால் அங்கேயே நிறுத்திக் கழற்றுங்கள்.